அம்மாவுக்கு ஒரு ஸ்மார்ட் ரிவி: எந்தச் செயலியைப் போடுவது, எதை நிறுத்தி வைப்பது

எங்கள் வீட்டுக்கு ஸ்மார்ட் ரிவி வந்தபோது அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில், அண்ணாவின் படத்தோடு போய் இருந்தவர்களில் அவவும் ஒருத்தி. பிறகு முழங்கால் விடவில்லை. பகல் முழுவதும் வீட்டில் தனிய. நான் வேலைக்குப் போய் வர இருட்டிவிடும். "அம்மாவுக்குப் பொழுது போகட்டும்" என்று கனடாவில் இருக்கும் தங்கச்சி காசு அனுப்பினாள். ஒரு சனிக்கிழமை ரிவியை வாங்கி வந்து சுவரில் பூட்டினேன். யூரியூப்பைத் திறந்து நல்லூர்த் திருவிழாவைப் போட்டுக் காட்டினேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த மே மாதம் ஒரு நாள் மாலை வீட்டுக்கு வந்தபோது அம்மா கதிரையை ரிவிக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தா. திரையில் கடைசிச் சண்டை நேரத்துக் காட்சிகள். காலையில் அவ நினைவேந்தல் நேரலை பார்த்திருக்கிறா. அது முடிய ரிவி தானாகவே அடுத்ததைப் போட்டிருக்கிறது, பிறகு அதற்கு அடுத்ததை. சோறு போட்டபடியே கிடந்தது. நான் நிற்பாட்டப் போனேன்.

"நிப்பாட்டாதை பிள்ளை. கொண்ணன் எங்கையாவது நிப்பான்."

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அவ அதைப் பார்க்கக்கூடாது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் எதைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது, எப்போது நிற்பாட்டுவது என்பதை ஒரு இயந்திரம் தீர்மானிக்கவும் கூடாது. அதற்குப் பிறகுதான் ரிவியின் அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கத் தொடங்கினேன். பிறகு அயலில் பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்கும் அமைத்துக் கொடுத்தேன். அதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வாங்க முன்னர்

முதலில் மின்சாரம். எங்கள் வீட்டு மின்சாரம் 230 வோல்ற். கனடா, அமெரிக்காவில் அது 120. அங்கிருந்து ரிவி கொண்டு வருபவர்கள் அதன் பின்பக்க ஒட்டியைப் பார்க்க வேண்டும். 100–240 என்று இருந்தால் இங்கே நேரடியாகப் பாவிக்கலாம். 110–120 என்று மட்டும் இருந்தால் செருகிய உடனேயே எரிந்துவிடும். எங்கள் சித்தி விமானத்தில் பத்திரமாகக் கொண்டுவந்த ரிவிக்கு நடந்தது அதுதான். மின்சாரம் ஒத்துவந்தாலும், வட அமெரிக்க ரிவியின் அன்ரனா முறை வேறு. எங்கள் கூரை அன்ரனாவில் வரும் உள்ளூர் அலைவரிசைகளை அது பிடிக்காது. ஆகவே ரிவிக்குப் பதிலாகக் காசை அனுப்பச் சொல்வதே புத்தி.

இரண்டாவது, ரிவிக்குள் இருக்கும் மென்பொருள். சாம்சுங் ரிவிகளில் ரைசன், எல்.ஜி.யில் வெப் ஓ.எஸ்., சொனி, ரி.சி.எல். போன்றவற்றில் கூகுள் ரிவி அல்லது அன்ரொயிட் ரிவி. இவை எதை வாங்கினாலும் யூரியூப், நெற்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய செயலிகள் ஒழுங்காக வேலை செய்யும். கவனிக்க வேண்டியது மலிவுப் பெட்டிகளை. "அன்ரொயிட் ஸ்மார்ட் ரிவி" என்று அட்டையில் போட்டிருக்கும். உள்ளே இருப்பது கூகுளின் சான்று பெறாத, கைத்தொலைபேசிக்கான அன்ரொயிட்டாக இருக்கும். அதில் நெற்ஃபிளிக்ஸ் திறக்காது, அல்லது மங்கலாகத்தான் ஓடும். கடையில் வைத்தே பிளே ஸ்ரோரைத் திறந்து, யூரியூப்பையும் நெற்ஃபிளிக்ஸையும் உங்கள் கண் முன்னால் ஓடவிடச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள்.

வீட்டில் நல்ல நிலையில் பழைய தட்டை ரிவி இருக்கிறதா? பின்னால் எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால் புதிய ரிவி தேவையில்லை. அதில் செருகும் ஒரு சிறிய ஸ்ரிக் போதும். எல்லாச் செயலியும் அதற்குள் வரும்.

வன்னியில் இடி மின்னல் நேரம் ரிவியின் பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். ரவுட்டரின் பிளக்கையும், அதற்கு வரும் தொலைபேசி வயரையும், கூரை அன்ரனா வயரையும் சேர்த்தே கழற்ற வேண்டும். ரவுட்டருக்கும் ரிவிக்கும் இடையில் வயர் போட்டிருந்தால் அதையும்.

எவ்வளவு இணையம் வேண்டும்

பலர் முதல் மாதமே டேற்றா முடிந்து ஏமாறுவது இங்கேதான். கைத்தொலைபேசியின் சிறிய திரைக்குப் போதுமான தரம் ரிவிக்குப் போதாது. ரிவி கேட்காமலேயே உயர்ந்த தரத்தை எடுத்துவிடும்.

யூரியூப்புக்கு 480 தரத்தில் பார்க்க வினாடிக்கு ஒரு மெகாபிற்றுக்குச் சற்றுக் கூடுதலான வேகம் போதும். 720 தரத்துக்கு இரண்டரை, 1080 தரத்துக்கு ஐந்து, 4கே தரத்துக்கு இருபது. இதைத் தரவளவாக மாற்றினால் ஒரு மணி நேரத்துக்கு 480 தரத்தில் ஏறத்தாழ அரை ஜிபி, 720 இல் ஒரு ஜிபி, 1080 இல் இரண்டு ஜிபிக்கு மேல். அம்மா தினமும் நாலு மணி நேரம் 1080 தரத்தில் பார்த்தால் மாதம் 250 ஜிபி கடந்துவிடும். 480 இல் பார்த்தால் 60 ஜிபி. பக்திப் பாடலுக்கும் செய்திக்கும் 480 தாராளம். ஆனால் யூரியூப்பில் ஒவ்வொரு காணொளிக்கும் தரத்தை மாற்றுவது முதியவருக்கு முடியாத காரியம். ஆகவே, பகல் டேற்றா, இரவு டேற்றா என்று பிரித்துத் தரும் பொதியை எடுத்து இரவுப் பங்கு வீணாவதை விட, எந்நேரமும் பாவிக்கக்கூடிய பொதியை எடுப்பது நல்லது.

நெற்ஃபிளிக்ஸில் இது சுலபம். கணக்கின் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு பெயருக்கும் டேற்றா அளவைத் தெரிவுசெய்யலாம். குறைந்த அளவில் மணிக்கு 0.3 ஜிபி வரை, நடுத்தரத்தில் 0.7 ஜிபி வரை, உயர்ந்த அளவில் 3 ஜிபி வரை, 4கே ஆனால் 7 ஜிபி வரை போகும். ஒருமுறை நடுத்தரத்தில் வைத்துவிட்டால் அதன் பிறகு தொட வேண்டியதில்லை.

படம் அடிக்கடி நின்று சுற்றினால் உடனே பெரிய பொதிக்கு மாறாதீர்கள். ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சுவாமி அறையில் ரவுட்டர், இரண்டு கல்சுவர் தாண்டி விறாந்தையில் ரிவி என்றால் படம் நிற்கத்தான் செய்யும். ரவுட்டரை ரிவிக்குக் கிட்டக் கொண்டுவாருங்கள், அல்லது வயரால் இணையுங்கள். 4ஜி ரவுட்டர் என்றால் கோபுரம் இருக்கும் பக்கத்து யன்னலோரம் வையுங்கள்.

கணக்கு யாருடையது

ரிவியை முதலில் திறந்ததும் கணக்குக் கேட்கும். அவசரத்தில் பெரும்பாலானோர் செய்வது, தங்கள் கைத்தொலைபேசியில் உள்ள கூகுள் கணக்கையே கொடுப்பது, அல்லது வெளிநாட்டில் உள்ள பிள்ளையின் கணக்கைப் போடுவது. இரண்டும் வேண்டாம். அம்மா பார்ப்பதெல்லாம் உங்கள் தொலைபேசியில் வரும். நீங்கள் பார்ப்பதெல்லாம் அம்மாவின் திரையில் வரும். வீட்டுக்கு வருகிறவர் எவரும் றிமோட்டை எடுத்து அந்தப் பட்டியலைப் பார்க்கலாம். எங்கள் வீடுகளுக்கு யார் யார் வந்து என்னென்ன கேட்டுப் போயிருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

ரிவிக்கென்று அம்மாவின் பெயரில் தனியாக ஒரு கூகுள் கணக்கைத் திறவுங்கள். மீட்பு இலக்கமாக அவவின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுங்கள். கடவுச்சொல்லை அப்பியாசக் கொப்பியில் எழுதி அலுமாரிக்குள் வையுங்கள். வங்கி அட்டை எதையும் அதில் இணைக்க வேண்டாம். ரிவியில் எழுத்துக்களை ஒவ்வொன்றாகத் தட்டித் துன்பப்படத் தேவையில்லை. யூரியூப்பில் உள்நுழையும்போது ரிவி ஒரு குறியீட்டைக் காட்டும். அதைத் தொலைபேசியில் கொடுத்தால் போதும்.

வெளிநாட்டு உறவினரின் நெற்ஃபிளிக்ஸ் கணக்கைப் பாவித்தவர்களுக்கு ஒரு விளக்கம். 2023 மே மாதத்தில் இருந்து அந்த நிறுவனம், ஒரே வீட்டில் வசிப்போருக்கே ஒரு கணக்கு என்ற விதியைப் பல நாடுகளில் இறுக்கியது. மேலதிக உறுப்பினரைச் சேர்ப்பதானாலும் அவர் கணக்குக்காரரின் நாட்டிலேயே இருக்க வேண்டும். ஆகவே ரொறன்ரோவில் எடுத்த கணக்கு கிளிநொச்சி ரிவியில் திடீரென்று நின்றால் ரிவி பழுதென்று நினைக்க வேண்டாம்.

எந்தச் செயலிகள்

என் அனுபவத்தில் முதியவர் இருக்கும் வீட்டுக்கு மூன்று செயலிகள் போதும். அதற்கு மேல் போட்டால் குழப்பம். மலிவு ரிவிகளில் சேமிப்பிடமும் குறைவு, நிரம்பினால் ரிவி ஆமையாகிவிடும்.

யூரியூப் முதலாவது. இலவசம். தமிழில் எங்களுக்கு வேண்டியவை பெரும்பாலும் அங்கேதான்: கோயில் திருவிழா, தேவாலயத் திருப்பலி, செய்தி, சமையல், பழைய படம், வெளிநாட்டில் நடக்கும் கலியாணமும் செத்தவீடும்.

இரண்டாவது, உள்ளூர் அலைவரிசைகள். கூரை அன்ரனாவில் தெளிவாக வந்தால் அதுவே போதும், டேற்றாவும் செலவில்லை. வராத இடங்களில், நீங்கள் ஏற்கெனவே எடுத்திருக்கும் தொலைக்காட்சி அல்லது இணையச் சேவை தன் செயலியை உங்கள் ரிவிக்கு வைத்திருக்கிறதா என்று கேளுங்கள். தொலைபேசிக்கு இருக்கும் செயலி ரிவிக்கும் இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

மூன்றாவது, கட்டணச் சேவை ஏதேனும் ஒன்று. நெற்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியில் இருந்தும், அமேசன் பிறைம் வீடியோ அதே ஆண்டு டிசம்பரில் இருந்தும் இலங்கையில் கிடைக்கின்றன. இரண்டிலும் தமிழ்ப் படங்கள் உண்டு. ஆனால் இந்தியாவில் காட்டுவதெல்லாம் இங்கே காட்டமாட்டார்கள், உரிமம் நாட்டுக்கு நாடு வேறு. ஆகவே விளம்பரத்தைப் பார்த்துக் காசு கட்டாதீர்கள். ஒரு மாதம் எடுத்துப் பாருங்கள். மாதாமாதம் தானாகவே காசு கழியும் என்பதால், வேண்டாம் என்றால் அன்றே இரத்துச் செய்யுங்கள். செயலியை அழித்தால் கட்டணம் நின்றுவிடாது.

"எல்லாத் தமிழ் சனலும் வரும், வருடத்துக்கு ஒருக்கால் காசு கட்டினால் போதும்" என்று விற்கப்படும் பெட்டிகள் பற்றியும் சொல்ல வேண்டும். புலம்பெயர் நாடுகளில் இருந்தும் இவை வருகின்றன. பெரும்பாலும் உரிமம் இல்லாதவை. ஒரு நாள் நின்றுவிட்டால் காசைத் திருப்பிக் கேட்க ஆள் இருக்காது. அதைவிடப் பெரிய ஆபத்து, மலிவு அன்ரொயிட் பெட்டிகள் சில உள்ளே தீய மென்பொருளோடு வருவது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இதுபற்றிப் பகிரங்க எச்சரிக்கை விடுத்தது. அப்படியான பெட்டி உங்கள் வீட்டு இணையத்தைப் பிறரின் குற்றங்களுக்கு வழியாக்கும். விசாரணை என்று வந்தால் இணைப்பு யாருடைய பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் தேடுவார்கள்.

யூரியூப்பைக் கட்டுக்குள் கொண்டுவருதல்

இதுதான் நான் முதல் நாளே செய்திருக்க வேண்டியது. ரிவியின் யூரியூப்பில் இடது பக்கப் பட்டியலின் அடியில் செற்றிங்ஸ் இருக்கும்.

ஒன்று, ஓட்டோபிளே. அதை நிற்பாட்டுங்கள். ஒரு காணொளி முடிந்தால் திரை அப்படியே நிற்கும். அடுத்தது வேண்டுமென்றால் பார்ப்பவர் அழுத்த வேண்டும்.

இரண்டு, பிறிவியூ. படத்தின் மேல் நகர்ந்தாலே அது ஓடத் தொடங்குவதை நிறுத்தும் பொத்தான் இது. காட்சி எதிர்பாராமல் கண்ணில் விழுவது குறையும்.

மூன்று, பார்த்தவற்றின் பதிவு. கிளியர் வோச் ஹிஸ்ரறி என்பதை அழுத்தினால் இதுவரை பார்த்தது அழியும். போஸ் வோச் ஹிஸ்ரறி என்பதை அழுத்தினால் இனிப் பார்ப்பது பதியப்படாது. 2023 ஓகஸ்ட் முதல், பதிவு இல்லாத கணக்குக்கு யூரியூப் முகப்பில் சிபாரிசுகளைக் காட்டாமல் வெறுமையாக விடுகிறது. மற்றவர்களுக்கு அது குறையாக இருக்கலாம். எங்கள் வீட்டுக்கு அதுதான் மருந்து.

நான்கு, முகப்பு வெறுமையானால் அம்மா எதைப் பார்ப்பா? அவவைப் பக்கத்தில் இருத்தி, பிடித்த எட்டுப் பத்துச் சனல்களைத் தேடி சப்ஸ்கிறைப் செய்தேன். இப்போது சப்ஸ்கிறிப்சன் பக்கத்தில் அவ தெரிவுசெய்தவை மட்டும் வரிசையாக வரும்.

சிறுபிள்ளைகள் இருக்கும் வீட்டில் றெஸ்ரிக்ரெட் மோட் என்பதையும் போடுங்கள். அது எல்லாவற்றையும் வடிகட்டாது, பெரும்பகுதியைத் தடுக்கும். பேரப்பிள்ளைக்கு யூரியூப் செயலிக்குள்ளேயே யூரியூப் கிட்ஸைத் தனியாக அமைத்துக் கொடுப்பது இன்னும் நல்லது.

இவற்றைச் செய்த பிறகு அம்மாவிடம் சொன்னேன்: "நீங்கள் பாக்க வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. பாக்கவேணும் எண்டால் சொல்லுங்கோ, நான் இருக்கேக்கை ரெண்டு பேருமாப் பாப்பம்." அவ ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கூப்பிட்டா. இருவரும் பார்த்தோம்.

திரையில் தெரிந்தவர் முகம் வந்தால்

இதை எழுதுவதா என்று யோசித்தேன். ஆனால் அம்மாவைப் போல எத்தனையோ தாய்மார் இந்தக் காட்சிகளில் ஒரு முகத்தைத் தேடுகிறார்கள். சிலருக்குத் தென்பட்டும் இருக்கிறது. அப்படி வந்தால் பதற்றத்தில் அந்தக் காணொளியைத் தவறவிடக்கூடாது. பார்த்தவற்றின் பதிவை நிறுத்தி வைத்திருந்தால் அதைத் திரும்பக் கண்டுபிடிப்பதும் கடினம்.

உடனே நிறுத்தற் பொத்தானை அழுத்துங்கள். திரையைத் தொலைபேசியில் படம் எடுங்கள், காணொளியின் தலைப்பும், சனலின் பெயரும், எத்தனையாவது நிமிடம் எத்தனையாவது வினாடி என்பதும் தெரியும்படி. பிறகு அதே காணொளியைத் தொலைபேசியில் தேடி, இணைப்பைப் பிரதிசெய்து குடும்பத்தில் இருவருக்காவது அனுப்பி வையுங்கள். பார்த்த திகதியைக் கொப்பியில் எழுதுங்கள். முடிந்தால் பிரதியொன்றை இறக்கி யூ.எஸ்.பி.யில் வையுங்கள். இணையத்தில் இருப்பது எப்போதும் இருக்கும் என்று நம்ப வேண்டாம். 2017 இல் சிரியப் போரைப் பதிவுசெய்த பெருந்தொகையான காணொளிகளை யூரியூப்பின் தானியங்கி முறை அகற்றியது. ஒரு சட்டத்தரணியிடமோ வேறு எவரிடமோ போகும்போது இந்த விபரங்கள்தான் கையில் இருக்க வேண்டும்.

பார்த்தவர் அவர்தானா என்று ஐயம் இருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். முகநூலில் போடுவதற்கு முன் குடும்பத்தோடு பேசுங்கள்.

வெளிநாட்டுக் கொண்டாட்டமும் துக்கமும்

உறவுகள் நேரலை இணைப்பை வட்ஸ்அப்பில்தான் அனுப்புவார்கள். அதை ரிவியில் தேடினால் கிடைக்காது. தொலைபேசியும் ரிவியும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். தொலைபேசியில் இணைப்பைத் திறந்தால் யூரியூப்பின் மேல் மூலையில் ரிவி போன்ற சிறு அடையாளம் தெரியும். அதை அழுத்தி உங்கள் ரிவியைத் தெரிவுசெய்தால் படம் பெரிய திரைக்குப் போய்விடும். அனுப்புகிறவர்களுக்கும் ஒரு சொல்: நேரலையை பிரைவேற் என்று வைக்காதீர்கள், அழைக்கப்பட்ட கணக்குக்கு மட்டுமே அது திறக்கும். அன்லிஸ்ரெட் என்று வைத்தால் இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கலாம். இலங்கை நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். கோடையில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை.

பெரியம்மா சுவிஸில் மோசம் போனபோது அம்மா இப்படித்தான் கடைசியாக அவவின் முகம் பார்த்தா. விறாந்தையில் பாய் விரித்து, அயலவரும் வந்து இருந்தார்கள்.

தனிய இயக்கப் பழக்குதல்

முதியவருக்கு முழு றிமோட்டையும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். திறப்பது, வீட்டுப் படம் போட்ட பொத்தான், நடுப் பொத்தான், பின்னால் போகும் பொத்தான், சத்தம். இந்த ஐந்தும் போதும். அவற்றின் பக்கத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தேன். முகப்பில் யூரியூப்பை முதலாவதாக நகர்த்தி, தேவையற்றவற்றை அகற்றினேன். செற்றிங்ஸில் மொழிப் பட்டியலில் தமிழ் இருந்தால் மாற்றிப் பாருங்கள். பழகிய ஆங்கிலச் சொல்லே வசதி என்பவர்களும் உண்டு. பிழைத்துப் போனால் "வீட்டுப் பொத்தானை அமத்துங்கோ" என்பது ஒன்றே தொலைபேசியில் நான் சொல்லும் மந்திரம்.

கடைசியாக ஒன்று. முதல் அமைப்பின்போது பல ஒப்புதல்களுக்கு ஆம் சொல்லச் சொல்லி ரிவி கேட்கும். அவற்றில் ஒன்று, திரையில் ஓடுவதை அடையாளம் கண்டு நிறுவனத்துக்கு அனுப்பும் வசதி. சாம்சுங்கில் வியூவிங் இன்போர்மேசன் சேர்விசஸ், எல்.ஜி.யில் லைவ் பிளஸ் என்று பெயர். இரண்டையும் நிறுத்தலாம், ரிவி வழமைபோல ஓடும். ரிவியை விற்கும்போதோ, திருத்தக் கொடுக்கும்போதோ கணக்குகளில் இருந்து வெளியேறுங்கள். விற்பதானால் பக்ரறி றீசெற் செய்யுங்கள்.

எல்லாம் சேர்த்து ஒரு மத்தியானப் பொழுது வேலை. ஆனால் அந்த மத்தியானம் ரிவியின் முன்னால் இருக்கப் போகிறவர் உங்களுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அவருக்கு என்ன வேண்டும் என்பதைக் கேட்டுச் செய்ய வேண்டும்.

இந்த வருட மே மாதமும் அம்மா நேரலை பார்த்தா. விளக்கேற்றி முடிய காணொளியும் முடிந்தது. திரை அப்படியே நின்றது. அவ கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, றிமோட்டை எடுத்துத் தானே நிற்பாட்டினா. பிறகு, "சோத்தைப் போடு பிள்ளை" என்றா.